சீனியை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு, அப்பாவுக்கு பல்லு மட்டும் ஏன் சொத்தையாகிட்டே போகுது?

நெல்லை_செல்வி
ஞாயிறு, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவ, இன்னைக்குதான் முதல்தடவை எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 67 வயசு, அம்மாகூட பாளையங்கோட்டைல இருக்காங்க, நான் சென்னைல. சுகர் வந்து 14 வருஷம். அஞ்சு வருஷம் முன்னாடி ஒருதடவை 340 காட்டுச்சு, அன்னைக்கு பயந்ததுல வீட்டுல சீனி டப்பாவையே தூக்கியாச்சு. டீக்கு அந்த குட்டி மாத்திரை, சாயந்திரம் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டு, தீபாவளிக்குகூட சுகர் ஃப்ரீ ஸ்வீட்டுதான். இப்போ சுகர் நல்லா கட்டுக்குள்ள இருக்கு, டாக்டரே பாராட்டுறார்.

ஆனா பல்லு? ரெண்டு வருஷத்துல ஏழு பல்லு சொத்தையாகிருச்சு. சாதாரணமா சொத்தைன்னா கடிக்கிற இடத்துல கருப்பா குழி விழும்ல, இது அப்படி இல்ல, ஈறு ஓரமா பழுப்பு கலர்ல, மரத்தை கரையான் அரிச்ச மாதிரி. போன மாசம் முறுக்கு கடிச்சப்போ முன்பல்லு ஒண்ணு ஈறோட ஒட்டி ஒடிஞ்சு கையில வந்துருச்சு. அதை காலண்டர் தாள்ல மடிச்சு சட்டைப்பையில வச்சிருந்து நான் ஊருக்கு போனதும் எடுத்து காட்டுறாங்க, சின்னப்புள்ள மாதிரி. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அங்க ஒரு கிளினிக்ல காட்டினோம், ரெண்டு நிமிஷம் டார்ச் அடிச்சு பாத்துட்டு "சுகர் இருந்தா இப்படித்தாம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டு பல்செட் வச்சுரலாம்"னு சொல்லிட்டாங்க. சீனியே தொடாத மனுஷனுக்கு சொத்தை எங்கேர்ந்து வருது? அந்த இனிப்பு மாத்திரைதான் பல்லை அரிக்குதோன்னு எனக்கு சந்தேகம். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


சும்மா_வந்தவன்
ஞாயிறு, இரவு 9.58

அங்கிள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு பிரிட்ஜ் பக்கம் போறாரான்னு ஒரு தடவை செக் பண்ணுங்க 🙂


கருப்பட்டி_காப்பி
ஞாயிறு, இரவு 10.20

தங்கச்சி நானும் உங்க பக்கம்தான், உடன்குடி. நான் சொல்லுதேன் கேட்டுக்கோங்க, அந்த கெமிக்கல் மாத்திரையை முதல்ல தூக்கி குப்பையில போடுங்க. எங்க தாத்தா பனையேறினவரு, 84 வயசுல போனாரு, போறப்ப 30 பல்லு இருந்துச்சு, கொய்யாப்பழத்தை கத்தி இல்லாம கடிச்சு தின்னாரு. வாழ்க்கை முழுக்க கருப்பட்டி காப்பிதான், வேப்பங்குச்சிதான். ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க. வெள்ளைச் சீனி வந்துச்சு பல்லு போச்சு, இப்ப அதுக்கும் மேல இந்த டூப்ளிகேட் இனிப்பு. கருப்பட்டில கால்சியம் இரும்பு எல்லாம் இருக்கு, பல்லுக்கு நல்லதுதான் பண்ணும்.


பல்லவன்
ஞாயிறு, இரவு 11.35

செல்வி, நான் பல் டாக்டர், ஈரோட்டுல 19 வருஷமா இதே வேலை. (பேரை வச்சு யாரும் கடிக்க வேண்டாம், காலேஜ்லயே கடிச்சு முடிச்சிட்டாங்க.) நேர்ல பாக்காம முடிவா சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதின விதத்துலயே நிறைய விஷயம் இருக்கு.

முதல்ல மாத்திரை மேல இருக்கிற பழியை எடுத்துருவோம். பல்லு சொத்தையாகுறது எப்படின்னா, வாயில இருக்கிற பாக்டீரியா, முக்கியமா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒண்ணு, நாம திங்கிற சர்க்கரையை தின்னுட்டு ஆசிட்டை கக்கும். அந்த ஆசிட்தான் பல்லை கரைக்குது. வாயோட பிஹெச் (புளிப்பு அளவு, நம்பர் குறையக் குறைய ஆசிட் ஜாஸ்தி) 5.5க்கு கீழ போனா பல்லோட மேல்கவசமான எனாமல்ல இருந்து சுண்ணாம்புச்சத்து கழண்டு வெளிய வர ஆரம்பிக்கும். ஒரு வாய் இனிப்பு போட்டீங்கன்னா சில நிமிஷத்துலயே பிஹெச் சர்ருனு இறங்கிரும், திரும்பி பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க எச்சில்தான் நின்னு சண்டை போட்டு ஆசிட்டை மட்டுப்படுத்தி, கழண்ட சுண்ணாம்பை திரும்ப பல்லுல ஒட்ட வைக்குது.

அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சாக்கரின், ஸ்டீவியா, இதுல எதையுமே அந்த பாக்டீரியாவால தின்னு ஆசிட்டா மாத்த முடியாது. அதனால டீல போடுற மாத்திரை சொத்தைக்கு நேரடி காரணமா இருக்க வாய்ப்பே இல்ல. சில சாஷே பவுடர்ல அளவு கூட்டறதுக்காக டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பாங்க, டெக்ஸ்ட்ரோஸ்னா வேற ஒண்ணும் இல்ல குளுக்கோஸ்தான், அதை வேணா பாத்துக்கணும். மாத்திரைல அந்த அளவு ரொம்ப சொற்பம்.

என் கேள்விகள்: அப்பாவுக்கு வாய் வறண்டு போகுதா? ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திருக்காங்களா? வேற என்னென்ன மாத்திரை எடுக்குறாங்க, எல்லா பேரும் வேணும். பகல்ல டீ சாப்பாடு தவிர வாயில என்ன போகுது, மிட்டாய், பாக்கு, சோடா, மோர், எதுவா இருந்தாலும். பல் கூச்சம் இருக்கா?

ஈறு ஓரம் அரிக்குதுன்னா அது பல்லோட வேர் பகுதி. சுகர்காரங்களுக்கு ஈறு கீழ இறங்கும், அப்போ வேர் வெளிய தெரியும், வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. எனாமல் 5.5ல கரையுதுன்னா வேர் 6.2 கிட்டயே கரைய ஆரம்பிச்சிரும். அதாவது அவ்வளவு புளிப்புகூட தேவையில்ல.


மருந்துக்கடை_மாரி
திங்கள், காலை 7.10

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், சுகர் ஃப்ரீன்னு போட்ட எது வந்தாலும் முன்பக்கத்தை பாக்கவே மாட்டேன், நேரா பின்பக்கம்தான். பொடி எழுத்துல நம்பர் போட்டிருப்பான், அதுலதான் மொத்த ஜாதகமும் இருக்கு. 951னா அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், 954 சாக்கரின், 950 அசிசல்ஃபேம், 960 ஸ்டீவியா. இதெல்லாம் துளிபோல போட்டாலே இனிக்கிற ரகம். 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 953 ஐசோமால்ட், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால், இதெல்லாம் சர்க்கரை மாதிரியே அள்ளிப்போடுற ரகம், சர்க்கரை ஆல்கஹால்னு சொல்லுவாங்க, போதை ஆல்கஹாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதுவரைக்கும் பல்லுக்கு பிரச்சனை இல்ல.

அதே லேபிள்ல 330 இருக்கான்னு பாருங்க. அது சிட்ரிக் ஆசிட். 338 இருந்தா பாஸ்பாரிக் ஆசிட், கோலா ரகத்துல இருக்கும். 296 மாலிக் ஆசிட். சர்க்கரை இல்லாட்டியும் புளிப்பு இருந்தா பாக்டீரியாவோட தயவே வேண்டாம், ஆசிட் நேரா போய் பல்லுமேல உக்காந்துக்கும். டயட் சோடா குடிச்சிட்டு "நான் சர்க்கரையே சேக்குறதில்ல"ன்னு சொல்ற ஆளுங்களை தினம் பாக்குறேன். டயட் கோலாவோட பிஹெச் 3 பக்கம், சாதா கோலா இன்னும் கொஞ்சம் கீழ, பல்லைப் பொறுத்தவரை ரெண்டும் பங்காளிங்கதான்.

பை தி வே இந்த இனிப்பு எல்லாம் கண்டுபிடிச்ச கதை தெரியுமா, கை கழுவாதவங்களால கிடைச்சது. சாக்கரின் 1879ல, லேப்ல வேலை பாத்த ஃபால்பெர்க் சாப்பிட உக்காந்தா கையெல்லாம் இனிக்குது. அஸ்பார்டேம் 1965ல, ஷ்லாட்டர் பேப்பரை புரட்ட விரலை நக்கினாரு. சுக்ரலோஸ் 1976ல லண்டன்ல, நம்ம ஊரு ஆளு சசிகாந்த் பட்னிஸ், அந்த பொடியை டெஸ்ட் பண்ணுன்னு சொன்னது அவர் காதுல டேஸ்ட் பண்ணுன்னு விழுந்து வாயில போட்டுட்டாரு. உயிரோட இருந்தது நம்ம அதிர்ஷ்டம்.


கருப்பட்டி_காப்பி
திங்கள், காலை 8.02

டாக்டர் என் கேள்விக்கு பதிலே சொல்லல, கருப்பட்டி நல்லதா கெட்டதா?


பல்லவன்
திங்கள், மதியம் 1.50

சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னுதான் விட்டேன். கருப்பட்டியில பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில இருக்கிற அதே சாமான். நாட்டுச்சக்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாமும் அதே குடும்பம். தேன்ல சுக்ரோஸ் கம்மி, பதிலுக்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். மேல கொஞ்சம் இரும்பு, தாது இருக்கலாம், வாசனைக்கு நான் அடிமை, எங்க வீட்டுலயும் கருப்பட்டிதான். ஆனா மியூட்டன்ஸ் பாக்டீரியாவுக்கு பாரம்பரியம் எல்லாம் தெரியாதுங்க, சுக்ரோஸ் கிடைச்சா போதும்.

உங்க தாத்தாவுக்கு ஏன் 30 பல்லு இருந்துச்சுன்னா, அவர் காப்பி குடிச்சது காலையில ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு. நடுவுல பிஸ்கட்டு கிடையாது, டீ பிரேக் கிடையாது, ஆபீஸ்ல மிட்டாய் ஜாடி கிடையாது. மத்த நேரம் முழுக்க எச்சில் தன் வேலையை நிம்மதியா பாத்துச்சு. எவ்வளவு இனிப்புங்கிறதை விட எத்தனை தடவைங்கிறதுதான் பல்லுக்கு கணக்கு. ஒரே உக்கார்ல ஒரு முழு அதிரசம் தின்னவனை விட, ஒரே ஒரு மிட்டாயை நாள் பூரா கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கிறவனுக்குத்தான் முதல்ல பல்லு போகும்.


வடமராட்சியான்
திங்கள், மதியம் 3.15

டொக்டர் சொன்ன கடைசி வசனம் எனக்கு நல்லா விளங்குது. எங்கட ஊரில தேத்தண்ணிக்கு சீனி போடுறேல்ல, பனங்கட்டியில ஒரு துண்டை கடிச்சு வாய்க்குள்ள வச்சுக்கொண்டு வெறும் தேத்தண்ணியை குடிக்கிறது. எங்கட அம்மம்மா ஒரு நாளைக்கு ஆறேழு தரம் குடிப்பா, அந்தப் பனங்கட்டி துண்டு எப்பவும் வலப்பக்க கன்னத்துக்குள்ளதான் கிடக்கும். கடைசியில அவவுக்கு இடப்பக்கம் பல்லு நல்லா இருந்தது, வலப்பக்கம் ஒண்டும் இல்லை. வலப்பக்கமா படுக்கிறபடியால்தான் பல்லு போனதெண்டு அவ சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவ.


கருப்பட்டி_காப்பி
திங்கள், மதியம் 3.40

சரி சரி, அம்மம்மா கதைக்கு அப்புறம் என்னத்தச் சொல்ல. ஆனா காப்பியை விடமாட்டேன்.


எஸ்போ_இளங்கோ
திங்கள், இரவு 8.25

நான் கோயமுத்தூருங்க, வேலைக்காக ஃபின்லாந்து வந்து ஒன்பது வருசம் ஆச்சு, ஹெல்சிங்கிக்கு பக்கத்துல எஸ்போல இருக்கோம். பாப்பாவை டேகேர்ல சேத்த முதல் வாரம், மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் டீச்சர் டப்பாவை தூக்கிட்டு வந்து வரிசையா ஒவ்வொரு குழந்தை கையிலயும் ஒரு மிட்டாய் வச்சுட்டு போறாங்க. எங்க வீட்டம்மாவுக்கு கோவம் வந்துருச்சு, மிட்டாய் குடுத்து பழக்கறாங்களேன்னு. கேட்டா அது சைலிட்டால் மிட்டாயாம், சாப்பாட்டுக்கு அப்புறம் பல்லுக்குன்னே குடுக்கறதாம். இங்க அது ஒரு வழக்கம். சனிக்கிழமை மிட்டாய் நாள்ன்னு ஒண்ணும் உண்டு, நிறைய வீட்டுல குழந்தைகளுக்கு வாரத்துல அன்னைக்கு மட்டும்தான் மிட்டாய், அன்னைக்கு ஆசை தீர தின்னுக்கலாம்.

அந்த சைலிட்டால் கதையே இந்த ஊருலதானுங்க சூடு பிடிச்சது. 1972ல துர்க்கு நகரத்துல 125 பேரை மூணு கூட்டமா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு சாதாரண சர்க்கரை, ஒண்ணுக்கு ஃப்ரக்டோஸ், ஒண்ணுக்கு சைலிட்டால், சாப்பிடுற பண்டம் எல்லாத்துலயும் அதை மட்டுமே போட்டு ரெண்டு வருசம் குடுத்திருக்காங்க. ஷைனின், மாக்கினென்னு ரெண்டு பேரு நடத்தினது. முடிவுல சர்க்கரை கூட்டத்துல ஆளுக்கு சராசரியா 7.2 பல் பரப்புல புதுசா சொத்தை, ஃப்ரக்டோஸ்ல 3.8, சைலிட்டால்ல 0.0.

ஸ்வீடன் கதை கொஞ்சம் கசப்பானது. 1945ல இருந்து லுண்ட் ஊருல வீபேஹோல்ம்னு மனவளர்ச்சி குன்றினவங்க இருந்த ஆஸ்பத்திரில, அவங்க சம்மதமே இல்லாம, பல்லுல ஒட்டுற மாதிரி டாஃபி செஞ்சு நாளெல்லாம் குடுத்து பல்லு எப்படி கெடுதுன்னு பாத்தாங்க. டாக்டர் சொன்னாரே எத்தனை தடவைங்கறதுதான் கணக்குன்னு, அது அந்த பாவப்பட்டவங்க பல்லை வச்சு தெரிஞ்சுகிட்டது, வாரத்துல ஒரு நாள் மட்டும் மிட்டாய்ங்கற யோசனையும் அங்கேர்ந்துதான் வந்தது. சனிக்கிழமை மிட்டாய்க்கு பின்னாடி இப்படி ஒரு கதை இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு மிட்டாய் கடைக்குள்ள போகவே ஒரு மாதிரி இருந்துச்சு.


சும்மா_வந்தவன்
திங்கள், இரவு 9.01

அப்போ சைலிட்டால் மிட்டாய் தின்னா பிரஷ் பண்ண வேண்டாமா? கனவு நனவாச்சு


பல்லவன்
திங்கள், இரவு 10.40

பிரஷ்ஷை கீழ வைக்காதீங்க.

துர்க்கு ஆய்வு உண்மைதான், ஆனா அங்க சாப்பாட்டுல இருந்த சர்க்கரை முழுசையும் மாத்தினாங்க. நாம செய்யுறது சாப்பாட்டுக்கு மேல நாலு சூயிங்கம். அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள் இவ்வளவு பளபளப்பா இல்ல. மருத்துவ ஆய்வுகளை சேத்து அலசுற காக்ரேன் குழு 2015ல எல்லாத்தையும் சேத்து பாத்தப்போ, ஃப்ளோரைடு பேஸ்ட்ல 10 சதவீதம் சைலிட்டாலும் இருந்தா குழந்தைகளுக்கு சொத்தை 13 சதவீதம் குறையலாம், ஆதாரம் கொஞ்சம் பலவீனம்தான், மத்த மிட்டாய் சிரப் எல்லாத்துக்கும் ஆதாரம் பத்தலன்னு சொல்லிட்டாங்க.

சைலிட்டாலோட சிறப்பு என்னன்னா, மியூட்டன்ஸ் அதை சர்க்கரைன்னு நினைச்சு உள்ள இழுத்துக்கும், செரிக்க முடியாம திரும்ப வெளிய தள்ளணும், அதுலயே அதோட சக்தி வீணா போகும். சார்பிட்டாலை அது மெதுவா செரிச்சிரும், ஆனா வர்ற ஆசிட் ரொம்ப கம்மி.

அதுபோக மெல்லுறதுன்னு ஒரு காரியம் இருக்கு. சாப்பிட்டதும் 20 நிமிஷம் சர்க்கரை இல்லாத கம் எதை மென்னாலும் எச்சில் பல மடங்கு சுரக்கும். என் அபிப்பிராயத்துல பாதி புண்ணியம் அந்த எச்சிலுக்குத்தான் சேரும். நம்ம கடையில சைலிட்டால்னு பெருசா போட்டு விக்கிற கம்மை திருப்பி பாத்தா பல நேரம் முதல் பேரு சார்பிட்டாலாத்தான் இருக்கு, சைலிட்டால் நாலாவது அஞ்சாவது இடத்துல ஒதுங்கி நிக்கும்.


சிங்கை_தமிழரசி
திங்கள், இரவு 11.20

இங்க சிங்கப்பூர்ல 1992ல இருந்து சூயிங்கம் விக்கவே தடை தெரியும்ல. 2004ல பல்லுக்கான கம்முக்கு மட்டும் விதிவிலக்கு வந்துச்சு, அதையும் மருந்தாளர்கிட்டயோ பல் டாக்டர்கிட்டயோதான் வாங்கணும். என் மாமியார் ஊர்லேர்ந்து வந்தப்போ மருந்துக்கடைல வாங்கி குடுத்தேன், இருமல் மருந்துன்னு நினைச்சு தண்ணி ஊத்தி முழுங்கிட்டாங்க.


வைகைப்புயல்
செவ்வாய், காலை 6.30

யாரும் பேசாத விஷயம் ஒண்ணு சொல்றேன், அஸ்பார்டேம் கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு. பல்லை காப்பாத்த போய் உயிரை விடணுமா???


மருந்துக்கடை_மாரி
செவ்வாய், காலை 7.15

சொன்னது பாதிதான் வாட்ஸப்ல வந்துச்சு. 2023 ஜூலைல 2பி பட்டியல்ல சேத்தாங்க, "இருக்கலாம், ஆதாரம் குறைவு"ன்னு அர்த்தம். அதே பட்டியல்ல கத்தாழை முழு இலைச் சாறும் இருக்கு. அதே நாள் இன்னொரு குழு, உடம்பு எடைல கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் தினம் எடுக்கலாம்ங்கிற பழைய அளவை மாத்த காரணம் இல்லன்னும் சொல்லுச்சு. அந்த வருஷம் மே மாசம் சொன்னதுதான் எனக்கு முக்கியமா படுது, எடை குறைக்கணும்னு இந்த இனிப்புகளை நம்பாதீங்கன்னு. ஏற்கனவே சுகர் இருக்கிறவங்களுக்கு அந்த பரிந்துரை இல்லன்னும் அதுலயே இருக்கு.


மட்டுறுத்துநர்
செவ்வாய், காலை 9.00

கேன்சர் பேச்சுக்கு தனி இழை ஆரம்பிச்சுக்கோங்க. இங்க பல்லு மட்டும்.


நெல்லை_செல்வி
செவ்வாய், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தரா பதில் போட முடியல. டாக்டர் கேட்டதை அம்மாகிட்ட வீடியோ கால்ல துருவி துருவி கேட்டேன். ஒரு விஷயம் கிடைச்சிருக்கு, எனக்கே இப்போதான் தெரியும்.

வாய் வறட்சி பயங்கரமா இருக்காம். ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணி குடிக்கிறாங்களாம், சுகர்னாலன்னு நினைச்சு யாரும் கண்டுக்கல. மூணு வருஷம் முன்னாடி உள்ளங்கால் எரியுதுன்னு ராத்திரி போட ஒரு மாத்திரை குடுத்தாங்களே, அதுலேர்ந்துதான் வறட்சின்னு அம்மா சொல்றாங்க. அட்டையை கேமரால காட்டச் சொன்னேன், அமிட்ரிப்டிலின் 10னு போட்டிருக்கு.

வாய் காயுதேன்னு யாரோ வாக்கிங் நண்பர் சொல்லி லெமன் மிட்டாய் போட ஆரம்பிச்சிருக்காங்க. சுகர் ஃப்ரீதான், அதான் பயமில்லாம. எத்தனைன்னு கேட்டா "ரெண்டு மூணு"ன்னாங்க. அம்மா பின்னாடி நின்னு ரெண்டு கையையும் விரிச்சு பத்துன்னு காட்டுறாங்க. வேட்டி மடிப்புல ரெண்டு, சட்டைப்பையில ரெண்டு, தலகாணி பக்கத்துல டப்பா. ராத்திரி தண்ணி குடிச்சிட்டு ஒண்ணு போட்டுக்கிட்டே படுப்பாங்களாம்.

மாரி அண்ணா, பின்பக்கம் படிக்க சொன்னேன். அம்மா கண்ணாடி போட்டு படிச்சாங்க: 953, 330, 296, 950. 330ஐ படிச்சப்போ எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிருச்சு.


பல்லவன்
செவ்வாய், இரவு 11.10

கிடைச்சிருச்சு. இதுதான்னு முக்கால்வாசி சொல்லிருவேன்.

அமிட்ரிப்டிலின் எச்சிலை குறைக்கும், அது அந்த மருந்தோட தெரிஞ்ச குணம். எச்சில் இல்லாத வாய் காவல்காரன் இல்லாத தோட்டம். ஏற்கனவே சுகரால ஈறு இறங்கி வேர் வெளிய நிக்குது. அதுமேல ஒரு நாளைக்கு பத்து தடவை சிட்ரிக் ஆசிட், ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம் வாயில ஊறுது, அதுலயும் தூங்குற நேரத்துல, எச்சில் ரொம்ப ரொம்ப கம்மியா சுரக்கிற நேரம். நாள் பூரா எலுமிச்சம்பழத்தை பல்லுல தேச்சிட்டே இருந்த மாதிரி. ஆசிட்ல மெத்துன்னு ஆன வேரை பிரஷ்ஷால வேற அழுத்தி தேச்சிருப்பாங்க.

அதோட சாயந்திர பிஸ்கட்டையும் விடாதீங்க. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டுன்னாலும் மைதா மைதாதான். மைதாவை வாயில வச்சு கொஞ்ச நேரம் மென்னு பாருங்க, தானா இனிக்கும், எச்சில்ல இருக்கிற என்சைம் மாவுச்சத்தை உடைச்சு சர்க்கரையாக்குது. வறண்ட வாயில அது பல்லிடுக்குல அப்பிக்கிட்டு நிக்கும். மிட்டாய் ஆசிட்டால அரிக்குது, பிஸ்கட்டு பாக்டீரியாவுக்கு சோறு போடுது.

மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க. எழுதிக்குடுத்த டாக்டர்கிட்ட வாய் வறட்சியையும் பல்லையும் சொல்லுங்க, கால் எரிச்சலுக்கு வேற மருந்தும் இருக்கு, அவர் முடிவு பண்ணட்டும். மிட்டாயை இன்னைக்கே நிறுத்துங்க. புளிப்பு எதுவும் சாப்பிட்டா தண்ணில வாய் கொப்பளிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சு பிரஷ் பண்ணச் சொல்லுங்க, மெத்தென்ற பிரஷ்ஷா வாங்குங்க. ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்ல தேச்சு துப்பிட்டு தண்ணி விட்டு கழுவாம படுக்கணும். எல்லா பல்லையும் எடுக்கணும்னு அவசரப்படாதீங்க, திருநெல்வேலியிலயே வேற ஒருத்தர்கிட்ட காட்டுங்க, ஃப்ளோரைடு வார்னிஷ் அடிச்சு, அரிச்ச இடத்தை அடைச்சு நிறைய பல்லை காப்பாத்தலாம்.

வாயில எதாவது இருந்தே ஆகணும்னு அவங்க அடம்பிடிச்சா, புளிப்பில்லாத சைலிட்டால் கம்மோ மிட்டாயோ குடுங்க. இதுக்கு ஒரு ஆதாரமும் உண்டு, அமெரிக்காவுல பெரியவங்களுக்கு தினம் 5 கிராம் சைலிட்டால் மிட்டாய் 33 மாசம் குடுத்து பாத்தாங்க, 2013ல வந்த ஆய்வு. மொத்த சொத்தைல பெருசா வித்தியாசம் வரல, ஆனா வேர்ல வர்ற சொத்தை மட்டும் 40 சதவீதம் கம்மி. உங்க அப்பாவுக்கு வேணும்னே எழுதின மாதிரி.


எஸ்போ_இளங்கோ
புதன், காலை 10.30

செல்விங்க, வீட்டுல நாய் இருக்குங்களா? சைலிட்டால் வாங்கினீங்கன்னா முதல்ல அதை யோசிங்க. நமக்கு ஒண்ணும் செய்யாது, நாய்க்கு விஷம். உள்ள போனதும் இன்சுலின் குபுகுபுன்னு சுரந்து சர்க்கரை தாறுமாறா இறங்கிரும், ஈரலும் போயிரும். ரெண்டு மூணு கம்மே சின்ன நாய்க்கு போதும்.


நெல்லை_செல்வி
புதன், காலை 10.52

ஐயோ!! மணின்னு ஒருத்தன் இருக்கான், அப்பா எது தின்னாலும் பாதி அவனுக்குத்தான். நல்லவேளை சொன்னீங்க அண்ணா.


மருந்துக்கடை_மாரி
புதன், மதியம் 12.15

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. முதல் நாளே அஞ்சாறு மிட்டாயை உள்ள தள்ளினா வயிறு கடமுடன்னு ஆகும், பாத்ரூம் வாசல்லயே உக்காந்திருக்கணும், சர்க்கரை ஆல்கஹால் எல்லாத்துக்கும் இந்த குணம் உண்டு, எரித்ரிட்டால் மட்டும் கொஞ்சம் தேவலை. ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிங்க. 2024ல ரத்தத்துல சைலிட்டால் அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலா வந்ததுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, ரத்தம் உறையுற தன்மை கூடுதாம், அதுல 30 கிராமை ஒரே மூச்சா குடிக்க வச்சு பாத்தாங்க. கம்ல இருக்கிறது ஒரு கிராம் பக்கம். இருந்தாலும் அப்பாவுக்கு இதய பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, கேக் செய்ய கிலோ கணக்குல வாங்கிராதீங்க.


நெல்லை_செல்வி
நாலு மாசம் கழிச்சு, சனி, மாலை 6.20

பழைய இழையை தூசி தட்டுறேன், மன்னிக்கணும். கேட்டவங்களுக்கு சொல்லாம போனா நல்லாருக்காதுல்ல.

கால் எரிச்சலுக்கு மாத்திரை மாத்திட்டாங்க, ராத்திரி எழுந்திரிக்கிறது நாலு தடவைலேர்ந்து ஒண்ணா குறைஞ்சிருச்சு. வேற டாக்டரை பாத்தோம், ஏழுல ரெண்டைத்தான் எடுக்கணும்னாங்க, ஒண்ணு அந்த ஒடிஞ்சது. மூணுக்கு அடைச்சாச்சு, ரெண்டுக்கு ரூட் கெனால் பண்ணி கேப் போட்டாச்சு. வார்னிஷ் ரெண்டு தடவை அடிச்சாங்க. புதுசா எதுவும் அரிக்கலைன்னு போன வாரம் சொன்னாங்க. பிஸ்கட்டுக்கு பதிலா சுண்டல், அதுக்கு அப்பா இன்னும் என்கூட சரியா பேசல. டீக்கு அதே மாத்திரைதான், அது பாவம் ஒண்ணும் பண்ணல. கம் டப்பா பிரிட்ஜ் மேல இருக்கு, மணிக்கு எட்டாது, அப்பாவுக்கு எட்டும்.

ஒடிஞ்ச அந்த பல்லு இன்னும் காலண்டர் தாள்ல சாமி ரூம்ல இருக்கு. தூக்கிப்போடலாம்னா விடமாட்டேங்கிறாங்க.

நேத்து அம்மா துணி துவைக்க எடுத்தப்போ சட்டைப்பையில ஒரு மஞ்சள் கவர் இருந்துச்சாம். "பழைய கவரு"ங்கிறாங்க அப்பா. அந்த சட்டை போன மாசம்தான் வாங்கினது.


சும்மா_வந்தவன்
சனி, மாலை 6.31

நான் அன்னைக்கே பிரிட்ஜை பாருங்கன்னேன். சட்டைப்பைன்னு திருத்தி வாசிக்கவும்.